ஒரு வாய் திராட்சரசம்

காலை 6.20. ஊதுகிற வரிசையில் பதினொன்றாவது ஆள் ஆசீர் பொன்னையா. டெப்போவிலிருந்து வண்டி எடுக்கப் போகிற ஒவ்வொரு டிரைவரும் டைம் கீப்பர் அறை ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று, மைதீன் பாய் கம்பிக்கு வெளியே நீட்டுகிற கறுப்பு மெஷினில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் டூட்டி சீட்டு வாங்க வேண்டும். குடித்தவன் ஊதினால் மெஷின் கத்தும். போன அக்டோபரில் ஆசீர் ஊதியபோது அது கத்திய கத்தலில் கேன்டீன்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்குப் பிறகு எட்டு மாதம் டயர் செக்‌ஷன், இன்றைக்குத்தான் மறுபடியும் ஸ்டியரிங். இன்னொரு தடவை கத்தினால் பேச்சே கிடையாது, வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இதையெல்லாம் நினைத்து நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டிய மனுஷன்தான். ஆனால் காக்கிச் சட்டை கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. ரூபா இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தின மடிப்பு கையில் கத்தி மாதிரி நின்றது. கழுவி விட்ட வண்டிகளின் மேல் ஜூன் மாதத்து வெயில் இப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது, ஒரு காக்கா டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் தன்னைத்தானே கொத்திக்கொண்டிருந்தது, முதல் வண்டி ஸ்டார்ட் ஆகிப் புகை விட்டது, அந்தப் புகையை ஆசீர் மூக்கு நிறைய இழுத்தார். மனுஷனுக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே போன வருஷம் வரைக்கும் தெரியாது. இட்லிக்கு ஒரு புளிப்பு உண்டு, மழைக்கு முன்னால் மண்ணுக்கு ஒரு வாடை உண்டு, ரூபா தலைக்கு வைக்கிற எண்ணெய்க்கு ஒரு மணம் உண்டு. இருபது வருஷமாக அதெல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கிறது, இவர்தான் ஆஜர் இல்லை. காலையில் எழுந்ததும் கை நடுங்காமல் சட்டைப் பொத்தானைப் போட முடிகிறது என்பதை ஒரு செய்தியாக யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது, பொத்தானைத்தான் எல்லோரும் போடுகிறார்களே. அப்படி வெறும் சந்தோஷமாகவே நின்றிருப்பார், தொண்டையில் மட்டும் அது இல்லாமல் இருந்திருந்தால். அது தொண்டையில் இருந்தது. சின்னதாக, சூடாக, ஒரு கீறல் மாதிரி. அதைத் தொடாமல் இருக்கத்தான் காக்காவையும் சட்டையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு, அதிகாலை நாலரை ஆராதனை, நற்கருணை. மறுபடி வண்டி எடுக்கிற நாளும் அதே ஞாயிறாக அமைந்ததில் ரூபாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கர்த்தரே பாத்து டூட்டி போட்டிருக்காரு அத்தான்." டூட்டி போட்டது மைதீன் பாய் என்று இவர் சொல்லவில்லை. கிருபாபுரம் கோயிலில் எட்டு மாதமாக ஒரு ஏற்பாடு உண்டு. சபைப் போதகரான பழைய ஐயரிடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே போய்ச் சொல்லிவிட்டார்: ஐயரே, அப்பம் தாங்க, ரசப் பாத்திரம் வரும்போது தலையைக் குனிஞ்சுக்கிடுதேன், தாண்டிப் போயிருங்க. ஐயரும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அந்த ஐயருக்குப் போன மாதம் மாற்றலாகிவிட்டது. இன்றைக்குப் புது ஐயர். அவருக்கு ஒன்றும் தெரியாது. பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, பக்கத்தில் ரூபா முழங்காலில் நின்று, அப்பத்தை உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிட்டு, மனசு அப்படியே லேசாக, வண்டியைப் பற்றி, ஆறு ஐம்பது திருநெல்வேலி டிரிப்பைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கையில் வெள்ளிப் பாத்திரம் உதட்டுக்கு வந்துவிட்டது. குனிய வேண்டிய தலை குனியவில்லை. வாய் திறந்தது. இங்கேதான் ஆசீருடைய மனசு திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொண்டது. மறந்து திறந்ததா, இல்லை திறக்கலாம் என்று திறந்ததா? மறதி என்றால் ஒரு சொட்டு உதட்டில் பட்டிருக்கும், அதோடு முடிந்திருக்கும். எல்லோரும் உதட்டைத்தான் நனைப்பார்கள். இவர் ஒரு வாய் இழுத்தார். ஐயர் பாத்திரத்தைக் கொஞ்சம் வெடுக்கென்று பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. கோயிலில் பாத்திரத்தைப் பிடுங்கும்படி குடித்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். சரி, அதுகூடப் போகட்டும். கிருபாபுரத்துத் திராட்சரசம் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கலாம், அவ்வளவு சாது. உலர்ந்த திராட்சையை வெந்நீரில் ஊறப்போட்டு, கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோவில்குட்டி தாவீது பிழிந்து வடிகட்டுவான், அவ்வளவுதான். அது தொண்டையில் சர்பத் மாதிரி இறங்கும். இன்றைக்கு அப்படி இறங்கவில்லை. எரிந்துகொண்டு இறங்கியது. நாக்கு நுனியில் இனிப்பு, நடுத்தொண்டையில் ஒரு கீறல், நெஞ்சுக்குள் ஒரு வெதுவெதுப்பு. இந்த மூன்று ஸ்டாப்பையும் ஆசீர் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவார். இந்த ரூட்டில் இருபது வருஷ சர்வீஸ். பழைய ஐயர் போய்ப் புது ஐயர் வருகிற குழப்பத்தில் போன மாதத்து ரசம் பாட்டிலில் கிடந்து புளித்துப் பொங்கியிருக்கிறது. வெயில் காலம் வேறு. தாவீது மோந்து பார்க்கிற ஆளும் இல்லை. ஆக, எட்டு மாதத்துக்குப் பிறகு ஆசீர் பொன்னையா குடித்துவிட்டார், கோயிலில், பெண்டாட்டி பக்கத்தில் முழங்கால் போட்டிருக்க, ஐயர் கையால்.

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. முன்னால் போனவர் ஊதினார், மெஷின் சும்மா இருந்தது, மைதீன் பாய் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எண்ணைப் பார்த்து "ம், போம்" என்றார். ஒரு வாய் எத்தனை நேரம் மூச்சில் நிற்கும்? கால் பாட்டில் என்றால் கணக்கு இவருக்கு மனப்பாடம். அரை என்றால் அதுவும். ஒரு வாய்க்குக் கணக்கு இல்லை, ஏனென்றால் ஒரு வாயோடு இவர் என்றைக்கு நிறுத்தினார். அந்த நினைப்பு வந்ததும் ஆசீருக்கு ஒரு விஷயம் உறைத்தது, உறைத்ததும் சிரிப்பு வந்தது. ஒன்றோடு நின்றிருக்கிறதே! ஆராதனை முடிந்து வெளியே வந்து, ரூபாவுக்குத் தெரியாமல் எங்கே போகலாம் என்று கால் தேடவில்லை. கால் டெப்போவுக்குத்தான் வந்தது. சைக்கிளைக்கூட ஒழுங்காக நிழலில்தான் விட்டிருக்கிறார். "என்னவே, தானா சிரிக்கீரு?" பின்னாலிருந்து முதுகைத் தட்டியது சுடலைமுத்து. பழைய கண்டக்டர், இன்றைக்கு மறுபடியும் இவர் வண்டிக்கே கேட்டு வாங்கி வந்திருக்கிற ஆள். கண்டக்டர்கள் ஊத வேண்டியதில்லை. வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறார். "மாப்பிள்ளை கணக்கா வந்திருக்கீரேய்யா. பவுடர் என்ன, மடிப்பு என்ன. பொண்ணு பாக்கவா போறோம், திருநெல்வேலிக்குல்லா போறோம்." ஆசீர் திரும்பாமலே, "நீரு அந்த விசிலை ஒழுங்கா ஊதும், போதும்" என்றார். "நான் விசிலை ஊதுதேன். நீரு மொதல்ல அந்தக் கறுப்பனை ஊதிட்டு வாரும்." சுற்றி நின்ற ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆசீரும் சிரித்தார். சிரிக்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரித்ததைச் சுடலைமுத்து பார்த்துவிட்டார். கண்டக்டர் கண், நாற்பது பேருக்கு நடுவே டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்கிற கண். குரலை இறக்கினார். "ஓய், என்ன?" ஆசீர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். சுடலைமுத்துவின் முகத்தில் ஒரு நிமிஷம் வெயில் போய் வந்தது. பிறகு பையில் கைவிட்டு, ஒன்றும் கேட்காமல், ஒரு ஏலக்காயை இவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பழைய நட்பு.

ஏலக்காய் உள்ளங்கையில் இருந்தது. ஏலக்காய் உதவாது என்று யாருக்காவது தெரியும் என்றால் அது ஆசீருக்குத்தான் தெரியும். மெஷினுக்கு மூக்கு கிடையாது, வாசனையால் அதை ஏமாற்ற முடியாது. ஏலக்காய், கிராம்பு, கொய்யா இலை, பச்சரிசி, பச்சை வெங்காயம் எல்லாம் மேனேஜர் பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் உதவும். மெஷினுக்கு வேறு வேலை. ஊதுகிற மாதிரி கன்னத்தை உப்பிவிட்டு உள்ளே இழுக்க வேண்டும். இருமல் வந்த மாதிரி பாதியில் விட வேண்டும். காற்றை மூக்கு வழியாகத் திருப்பிவிட வேண்டும். உலகத்தில் இல்லாத மேதாவித்தனமெல்லாம் ஒரு குடிகாரன் கையில் இருந்தது, அதில் பாதியை வண்டி ஓட்டுவதில் காட்டியிருந்தால் ரெண்டு மெடல் வாங்கியிருக்கலாம். இன்றைக்குப் பாருங்கள், குடிக்கப் போகாமல் குடித்த ஒரு நிரபராதி, கையில் குற்றவாளியுடைய எல்லா ஆயுதமும். ஒரு தடவை இழுத்துவிட்டால் என்ன? இது உண்மையில் குடி இல்லையே. குடி இல்லாததற்குப் பொய் ஊதினால் அது பொய்யா? இப்படி யோசிக்கிறது யார் என்று ஆசீருக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தக் குரல் இவருக்குப் பழக்கம். அது கெட்ட வார்த்தை பேசாது, கத்தாது. எப்போதும் ரொம்ப நியாயமாகப் பேசும். மகளுக்குக் காய்ச்சல், மனசு சரியில்லை, ஒன்றே ஒன்று. மகளுக்கு ரிசல்ட் நல்லா வந்திருக்கு, மனசு சந்தோஷமா இருக்கு, ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுகிர்தா குடி கேட்கிற ரெண்டு பேரைப் பிரித்துக் காட்டினாள்: கை நடுங்குகிறது, வேர்க்கிறது, வாந்தி வருகிறது, அது உடம்பு கேட்பது, பத்து நாளில் மருந்து கொடுத்து நான் நிறுத்திவிடுவேன். உடம்பு கேட்பது நின்ற பிறகும் ஒன்று கேட்கும் பாருங்க, அதை என்னால் நிறுத்த முடியாது, அது யார் என்று கண்டுபிடித்து வையுங்கள் என்றாள். இவர் அதைத் தன் பாஷையில் போட்டு வைத்துக்கொண்டார். பழைய டீசல் வண்டியில் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். கீழே ஒரு கம்பி உண்டு, குனிந்து அதை இழுத்தால்தான் நிற்கும். எல்லா வண்டியிலும் கம்பி ஒரே இடத்தில் இருக்காது. வார்டில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஸ்கூல் வாத்தியாருக்கு இந்த உவமை பிடிக்கவில்லை, அவர் இருமல் டானிக்கில் மாட்டினவர், நான் பெட்ரோல் வண்டி என்று சொல்லி வார்டையே சிரிக்க வைத்தார்.

சிரிப்போடு சிரிப்பாக அந்தப் பொம்பளையும் ஞாபகத்துக்குள் வந்துவிட்டாள். அவள் இப்படித்தான் வருவாள், நல்ல நேரம் பார்த்து. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியான டிரிப். புறப்பட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்புவது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. ஆற்றுப்பாலம் இல்லை, ரயில்வே கேட் இல்லை, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து ரோடு இல்லை, எந்த ஸ்டாப்பும் இல்லை. மெஷினில் அன்றைக்கும் ஊதச் சொல்லித்தான் இருந்தார்கள், இவர் அன்றைக்கும் இழுத்துத்தான் இருந்தார். வண்டி நிறைய ஜனம் இறங்கிப் போயிற்று. கடைசியாக, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி முன்படி வழியாக இறங்கும்போது நின்று, "அலுங்காம கொண்டாந்து சேத்துட்டிய அண்ணாச்சி, பிள்ளை முழிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு விபத்து நடந்திருந்தால்கூட ஆசீர் இத்தனை தடவை அதைத் திரும்பிப் பார்த்திருப்பாரா என்று தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்கு இவர் காரணம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாலு வயசு இருக்கும். ஏதோ ஒரு ஸ்டாப்பில் பள்ளிக்கூடப் பையோடு ஏறும். இந்த வாரம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள், ஏறத்தான் ஏறும். ஆசீர் உள்ளங்கையைத் திறந்து ஏலக்காயைப் பார்த்தார். அதைச் சட்டைப்பையில் போடலாமா, கீழே போடலாமா என்று ஒரு தடுமாற்றம். சுடலைமுத்துவின் கையைப் பிடித்து அதை அவரிடமே திருப்பி வைத்தார். "என்ன வே?" "பாயசத்துக்கு வச்சுக்கிடும்."

முன்னால் ரெண்டே பேர். பிறகு ஒருத்தர். மெஷின் சும்மா இருந்தது, சும்மா இருந்தது. ஆசீர் ஜன்னல் கம்பிக்கு முன்னால் வந்து நின்றார். மைதீன் பாய் இவரைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "வாரும் புது மாப்பிள்ளை. ஊதும்." ஆசீர் ஊதவில்லை. "பாய், ஒண்ணு சொல்லணும்." "ஊதிட்டுச் சொல்லும்." "இல்ல, சொல்லிட்டு ஊதுதேன்." அப்படி ஒரு வாக்கியத்தை அந்த ஜன்னல் அதுவரை கேட்டதில்லை. "காலையில கோயில்ல நற்கருணை. திராட்சரசம் ஒரு வாய் குடிச்சிட்டேன். உதட்ட நனைக்கல, குடிச்சிட்டேன். புளிச்சுப் போன ரசம்னு நெனக்கேன், தொண்டை எரிஞ்சுது." மைதீன் பாய் இவரையே பார்த்தார். முப்பது வருஷமாக டிரைவர்கள் சொல்லிக் கேட்ட காரணங்களில் இது எந்த வகை என்று தேடுகிற மாதிரி இருந்தது. "எவ்வளவு?" "ஒரு வாய்." "அதுக்குப் பொறவு?" "அதுக்குப் பொறவு ஒரு டம்ளர் கட்டங்காப்பி." "நான் கேக்கது அதில்ல." "அதுக்குப் பொறவு ஒண்ணும் இல்ல பாய்." பின்னாலிருந்து யாரோ, "எல, நமக்கு இந்தக் கோயில் தெரியாமப் போச்சே" என்றான். இன்னொருத்தன், "ஞாயித்துக்கிழம மட்டுந்தானாம்ல" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. "சத்தம் போடாதீங்கவே" என்று மைதீன் பாய் அதட்டினார், அவர் உதடும் ஓரத்தில் ஆடியது. பிறகு கம்பிக்கு வெளியே சாய்ந்து, இவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "கத்துச்சுன்னா கால் மணி நேரம் ஒக்காத்தி வச்சி, வாயக் கொப்பளிக்கச் சொல்லி, மறுபடி ஊதச் சொல்லுவேன். அது எல்லாருக்கும் உள்ள சட்டந்தான், உமக்குன்னு இல்ல. அப்பவும் கத்துச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஊதும்." ஆசீர் ஊதினார். கன்னத்தை உப்பாமல், இருமாமல், உள்ளே இழுக்காமல், அடிவயிற்றிலிருந்து நேராக ஊதினார். மூச்சு போய்க்கொண்டே இருந்தது. போன அக்டோபரில் ரெண்டு எண்ணுவதற்குள் இரைத்துவிட்ட நெஞ்சு. இப்போது அதற்குள் இத்தனை காற்று எங்கிருந்து வந்தது என்று அவருக்கே வியப்பாக இருந்தது. போதும் என்று பாய் கையைக் காட்டின பிறகும் நிறுத்த மனசு வரவில்லை. ஊதுவது இத்தனை சுகமான காரியம் என்று இருபது வருஷமாக ஒரு பயல் சொல்லவில்லை. கத்தினால் கத்தட்டும். கத்தினால் பெஞ்சில் உட்கார்ந்து வெயிலைப் பார்க்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, மறைக்கிறதற்கு இனி உடம்பில் ஒரு இடத்திலும் ஒன்றும் இல்லை. மெஷின் கத்தவில்லை. மைதீன் பாய் எண்ணைப் பார்த்தார், மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார், இவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். சைபர், புள்ளி, சைபர், சைபர். "வண்டியில காத்து எறங்குன டியூப்ப நீரே ஊதி நெரப்பிருவீரு போலுக்கே" என்று சொல்லி டூட்டி சீட்டை நீட்டினார். சுடலைமுத்து வரிசைக்கு வெளியே நின்று விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார், டெப்போவுக்குள் விசிலடிக்கக் கூடாது என்று தெரிந்தும்.

சீட்டில் ஏறி உட்கார்ந்து, பின்னால் தள்ளியிருந்த சீட்டைத் தன் கால் நீளத்துக்கு முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் தொட்டபோது சட்டைப்பையில் போன் அடித்தது. ரூபா. எடுத்ததுமே மூச்சு வாங்கப் பேசினாள். "அத்தான், ஊதியாச்சா? என்ன சொல்லிச்சு?" "நீ எங்க இருக்க?" "இன்னும் கோயில்லதான். நீங்க பாத்திரத்த இழுத்ததப் பாத்தேன். பாத்துட்டு நான் எப்படி வீட்டுக்குப் போவேன்? தாவீதப் பிடிச்சி நிறுத்தி, என்னத்தல ஊத்தின, எங்க வீட்டு ஆளு வேலைக்கு ஒல வச்சிட்டியேன்னு கேட்டேன். அவன் அழப் பாத்துட்டான். பொறவு புது ஐயரம்மாதான் வந்து சொன்னாவ. நேத்து சாயங்காலம் அவங்களே ஊறப் போட்டதாம். ஐயருக்குச் சளியாம். ஒரு துண்டு சுக்கும் ரெண்டு மிளகும் தட்டிப் போட்டாங்களாம், பாடுறவங்க தொண்டைக்கும் நல்லதுன்னு." ஆசீர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். "கேக்குதா? சுக்கு அத்தான், சுக்கு." நாக்கு நுனியில் இனிப்பு, நடுத்தொண்டையில் கீறல், நெஞ்சில் வெதுவெதுப்பு. இருபது வருஷ சர்வீஸ் போட்ட தொண்டைக்குச் சுக்கும் சாராயமும் வித்தியாசம் தெரியவில்லை. எத்தனை கம்பீரமாகச் சாட்சி சொன்னது அந்தத் தொண்டை! அதன் பேச்சைக் கேட்டு இத்தனை வருஷம் நடந்திருக்கிறோமே என்று நினைத்ததும் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். நெற்றி பட்டு ஹாரன் அலறியது. கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்த காக்கா பறந்துவிட்டது. போனில் ரூபா, "சிரிக்கீங்களா அழுறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ரெண்டும் இல்லை, ஹாரன் என்றார். அவள் அங்கே சிரிக்கத் தொடங்கியது காதில் விழுந்தது. முன்படியில் ஏறின சுடலைமுத்து, "என்னவே, வண்டிய எடுக்கீரா, நான் எறங்கித் தள்ளட்டா?" என்றார். ஆறு ஐம்பதுக்கு வண்டி கேட்டைத் தாண்டியது. முதல் ஸ்டாப்பில் மல்லிகைப்பூக் கூடையோடு மூன்று பெண்கள் ஏறினார்கள். ஆற்றுப்பாலம் வந்தது. ரயில்வே கேட் வந்தது. கேட் சாத்தியிருந்தது. ஆசீர் இன்ஜினை நிறுத்திவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, ரயில் முழுக்கப் போகிறவரைக்கும் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மாதம் கழித்து, 2019 ஏப்ரல் 22, ஈஸ்டருக்கு மறுநாள் சாயங்காலம், ஆசீர் பொன்னையா குடித்தார். 23-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை டெப்போவுக்கு வந்தார், வரிசையில் நிற்கவில்லை, தன் டிரிப்புக்கு வேறு டிரைவரைப் போடும்படி மைதீன் பாயிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக அதே வண்டியில் ஏறி மூன்றாவது சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார்.